நகப்பூச்சுக் கோட்டுக்குக் கீழே ஐயாயிரம் பேர்

பாடாலூரில் பஸ் நிற்கிற ஐந்து நிமிடத்தில், ஒரு டீயோடு சேர்த்து இலவசமாகக் கிடைத்த வதந்தி இது: லெப்பைக்குடிக்காட்டுப் பக்கம் கல்லாத்துமேடு என்று ஓர் ஊர். அங்கே ஒரு அம்மா தன் வீட்டுத் தரையில் பாம்பு மாதிரி ஒரு கோடு போட்டு, ஊரில் மொத்தம் எத்தனை தலை என்று சொல்லிவிட்டார். பிறகு சென்சஸ்காரர்கள் வந்து எண்ணினால் ஒரு தலைகூடத் தப்பவில்லை.

ஜெயங்கொண்டம் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பாம்புக்குப் படம் முளைத்துவிட்டது. எண்ணிக் கொடுத்தது ஒரு ஜின் பூதம் என்றார்கள். கோட்டை மிதித்த இன்ஜினியருக்கு மறுநாளே மீசை உதிர்ந்துவிட்டது என்றார்கள்.

நேரில் போய் விசாரித்ததில் தெரிந்தவை: ஜின் கிடையாது. தப்பியது பதினோரு தலை. கோடு இருப்பது உண்மை, இன்றைக்கும் இருக்கிறது. மீசை உதிரவில்லை. வழக்கே அதுதான்.

அந்த அம்மாவின் பெயர் நஜ்முன்னிசா. லெப்பைக்குடிக்காட்டில் பிறந்து, திருச்சியில் கணிதம் படித்து, கல்லாத்துமேட்டில் வாழ்க்கைப்பட்டவர். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் 'பி.எஸ்சி. (கணிதம்)' என்று அச்சடித்தார்கள். அந்தப் பட்டம் கடைசியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். கணவர் சைபுல்லா சார்ஜாவில் ஒரு துணிக்கடையில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், ஒவ்வொரு வரவுக்கும் வீட்டில் ஒன்று புதிதாக முளைக்கும். ஒரு தடவை ஃபிரிட்ஜ். ஒரு தடவை அஃப்ரின் என்கிற மகள். ஒரு தடவை, கூடம் முழுக்க வெள்ளை டைல்ஸ். ஊரிலேயே முதல் டைல்ஸ். பார்க்க வந்தவர்கள் வழுக்கி விழுந்து பாராட்டிவிட்டுப் போனார்கள்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கல்லாத்துமேடு தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, கையெழுத்துப் போடத் தெரிந்த, வாய் திறக்காத ஒரு பெண்ணைத் தேடினார்கள். நஜ்முன்னிசா கையெழுத்து நன்றாகப் போடுவார். மற்ற தகுதியைப் பற்றி அவர்கள் அனுமானித்துக்கொண்டார்கள். அரசியலில் அனுமானம் தப்புவது சகஜம்.

ஊரின் குறை ஒன்றுதான்: தண்ணீர். ஊருக்கு நடுவில் ஓர் அடிபம்பு. அதற்கு முன்னால் ஒரு வரிசை. வரிசைக்கு ராணி, குடியானத் தெரு சுந்தராம்பாள். அவர் இடுப்பில் கைவைத்து நின்றால் எந்தக் குடமும் இன்னொரு குடத்தைத் தாண்டாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு, குழந்தைக்கு ஒரு வயசு ஆகிற வரைக்கும், வரிசையில் நிற்காமல் தினம் ஒரு குடம். அதற்குப் பெயர் பிள்ளைக்குடம். எந்தச் சாதி, எந்தத் தெரு என்ற பேச்சே கிடையாது. முதலாம் பிறந்தநாளுக்கு மறுநாள் யாராவது ஏமாற்றிப் பிள்ளைக்குடம் பிடித்தால், சுந்தராம்பாள் அந்தக் குழந்தையின் ஜாதகத்தையே சொல்லி விரட்டுவார்.

தொண்ணூற்றொன்பதில் ஊருக்கு மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்ட உத்தரவு வந்தது. ஊரே துள்ளியது. நஜ்முன்னிசா உத்தரவைப் படித்தார், துள்ளவில்லை. முப்பதாயிரம் லிட்டர் தொட்டி. அது மேலத்தெருவில் புறப்பட்டு, பள்ளிவாசல் தெருவைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். தெற்குத் தெருக்கள் மூன்றுக்கும் குழாய் வரும், தண்ணீர் வராது. அறுபதாயிரம் வேண்டுமென்றால், தொட்டி முடிகிற 2001-இல் மக்கள்தொகை ஐயாயிரத்தைத் தாண்டும் என்று மதிப்பீடு இருக்க வேண்டும் என்பது விதி.

பொறுப்பில் இருந்த உதவிப் பொறியாளர் ராஜவேல். உடையார்பாளையத்துக்காரர். நல்ல மனிதர். அவரைவிட நன்றாக வளர்ந்தது அவர் மீசை. இரண்டு நுனியும் மேல்நோக்கி, தனித்தனியாகப் பதவி உயர்வு கேட்பது போல நிற்கும்.

"மேடம், தொண்ணூத்தொண்ணு சென்சஸ்ல உங்க ஊரு நாலாயிரத்து முன்னூத்திப் பன்னெண்டு. பொறப்பு, இறப்பு பதிவைப் பாத்தேன். வருஷத்துக்கு அறுபது பொறக்குது, முப்பத்தெட்டு போவுது. பத்து வருஷத்துக்கு இருநூத்திச் சொச்சம். நாலாயிரத்து ஐந்நூத்தி அம்பதைத் தாண்டாதுங்க."

"வூடு வூடாப் போயி எண்ணித் தரட்டுமா சார்?"

"ஐயையோ. பிரசிடெண்டு எண்ணுனா ஒத்துக்க மாட்டாங்க. போன வருஷம் ஒரு ஊருல ஆடு, மாடெல்லாம் வாக்காளரா ஆயிடுச்சு. மதிப்பீடுதான் வேணும். வளர்ச்சி வீதம், அதுலேருந்து மொத்தம்."

எண்ணினால் நம்பமாட்டோம், மதிப்பிட்டால் நம்புவோம். அரசாங்கத்தின் இந்தக் கொள்கையைக் கேட்டு மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நஜ்முன்னிசாவுக்கு மட்டும் பதினைந்து வருஷமாகப் பூட்டியிருந்த ஒரு பெட்டி திறந்துகொண்டது. வீதம் தெரிந்தால் மொத்தம் தெரியும். அவர் படித்தது அதைத்தானே!

ஆனால் வீதமே தப்பு. வருஷத்துக்கு அறுபது குழந்தைதானா? மறுநாள் பம்படிக்குப் போய் நின்றார்.

"சுந்தராம்பா அக்கா, நம்மூருல வருசத்துக்கு எத்தன புள்ள பொறக்கும்?"

"இங்கயா? எவ இங்க பெத்துக்குறா?" என்றார் சுந்தராம்பாள். "பெத்தவளுக்குக் குளிக்கத் தண்ணி இருக்கா, துணி அலசத் தண்ணி இருக்கா? மருமவளுவ எல்லாம் ஏழாம் மாசமே பொறந்த வூட்டுக்குக் கெளம்பிடுறாளுவ. மூணாவது புள்ளைக்குக்கூடத் தாய்வூட்டுக்குத்தான் போறாளுவ. அஞ்சு மாசம் கழிச்சு, புள்ளைக்குக் கொலுசு போட்டு, வாடகைக் காருல வந்து எறங்குறாளுவ. அடுத்த நிமிசம், 'அக்கா, புள்ளக்கொடம்!'"

"அப்ப நம்மூருப் பொண்ணுங்க?"

"அவளுவ ஏன் இந்தக் காஞ்ச ஊருக்கு வராளுவ? ஆத்தாக்காரிதான் இங்கேருந்து மருந்துச்செலவு சாமான் கட்டிக்கிட்டுப் போறா."

நஜ்முன்னிசா அங்கேயே குடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் இல்லை என்பதால் பிள்ளைகள் வெளியூரில் பிறக்கின்றன. வெளியூரில் பிறப்பதால் இந்த ஊரில் பிறப்பு குறைவு. பிறப்பு குறைவு என்பதால் தண்ணீர் கிடையாது. சாவுக்கு மட்டும் யாரும் தாய்வீட்டுக்குப் போவதில்லை. எல்லாரும் பொறுப்பாக உள்ளூரிலேயே செத்துப் பதிவாகிவிடுகிறார்கள். பதிவை மட்டும் பார்த்தால், கல்லாத்துமேடு சாவதற்கென்றே நடத்தப்படுகிற ஊர்.

பிறந்த இடம் எதுவாக இருந்தாலும், ஊருக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குடம் உண்டு. அந்தக் குடம்தான் உண்மையான வீதம்.

பத்து வருஷத்துக்கும் பம்படிப் பெண்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் சில வருஷங்கள் அவர்களுக்குக் கல்வெட்டு. பம்பு உடைந்து சண்டை நாறிய வருஷம். தெருவிளக்கு வந்த வருஷம். ஏரி உடைத்துக்கொண்ட வருஷம். அந்தந்த வருஷம் எத்தனை பிள்ளைக்குடம் என்று தெருத் தெருவாகச் சொன்னார்கள். ஒருத்தி மறந்ததை அவளுடைய எதிரி நினைவூட்டினாள். போலியோ சொட்டு மருந்து வந்த பிறகான வருஷங்களுக்கு, மருந்து ஊற்றிய நர்ஸ் கமலவேணியிடம் கேட்டுச் சரிபார்த்தார். குடமும் சொட்டும் ஒத்துப்போயின. வருஷத்துக்கு அறுபது அல்ல. நூற்றிருபதுக்குக் கிட்டத்தட்ட, சில வருஷம் இன்னும் மேலே.

இனி வரைய வேண்டும். வரைபடத்தாள் வாங்கப் பெரம்பலூர் போக வேண்டும். எதற்கு? காலடியிலேயே சார்ஜா பணத்தில் கட்டம் கட்டமாக ஒரு வரைபடத்தாள் பளபளத்துக்கொண்டிருந்தது.

முதலில் சுண்ணாம்புக்கட்டியால் போட்டார். மாமியார் வீடு துடைத்தபோது தொண்ணூற்று மூன்றும் நான்கும் அழிந்துபோயின. பீரோவைத் திறந்தார். சைபுல்லா ஒவ்வொரு வரவுக்கும் வாங்கி வந்த நகப்பூச்சு வரிசையாக இருந்தது. பூசிக்கொண்டால், தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற உளூ செல்லாது என்பதால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. சிவப்பை எடுத்து, தெரிந்த வருஷங்களுக்குப் புள்ளி வைத்து, நடுவில் விட்டுப்போனவற்றைக் கோட்டால் இணைத்தார்.

"நஜ்மு! என்னா புள்ள இது, தொழுவுற வூட்டுல கிறுக்கல்?" என்றார் மாமியார்.

"நம்மூரு மாமி."

"ஊரா? இதுல மனுசங்க எங்க?"

"ஒரு டைல்ஸ் அகலம் ஒரு வருசம். அந்த வருசம் பொறந்ததுலேருந்து மவுத்தானவங்களைக் கழிச்சு, பத்துப் பேருக்கு ஒரு டைல்ஸ்ன்னு ஒசரம். கோட்டுக்குக் கீழ இருக்குற ஒவ்வொரு டைல்ஸும் பத்து உசுரு. எல்லாத்தையும் கூட்டுனா, ஊரு எவ்வளவு வளந்துச்சுன்னு வந்துடும்."

மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நம்ம அஃப்ரின் எங்க?"

"தொண்ணூத்தி மூணு. இந்தா, இந்த டைல்ஸு."

அதன் பிறகு வீட்டுக்கு வந்த யாரும் அந்த டைல்ஸை மிதிக்க முடியவில்லை. "அது எம் பேத்தி, தள்ளி நில்லு" என்று மாமியார் விரட்டினார்.

செய்தி பரவி, பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தரையில் பார்க்க வந்தார்கள். கோடு சமமாக ஓடவில்லை. ஆரம்பத்திலேயே, தொண்ணூற்றொன்று நடுவில் தொடங்கி மறு வருஷம் வரை, ஒட்டக முதுகு போல ஒரு மேடு.

"இது ஏன் இப்புடித் தூக்கிக்கிட்டு நிக்குது?" என்று சுந்தராம்பாள் கேட்டார்.

 ஒருத்தி கிசுகிசுத்தாள்: "குவைத்துச் சண்டையில ஆம்பளைங்க எல்லாம் ஒண்ணாத் திரும்பி வந்தாங்கள்ல..." கூடம் அதிரச் சிரித்தார்கள். அந்த இடத்துக்குக் குவைத் மேடு என்று பெயர் விழுந்தது. மார்ச்சில் சென்சஸ் முடிந்த பிறகு பிறந்த மேடு என்பதால், எந்தக் கணக்கிலும் அது ஏறவே இல்லை.

கோட்டுக்குக் கீழே இப்படி எண்ணினால் போதுமா என்று ஒருத்தி சந்தேகம் கேட்டாள். நஜ்முன்னிசா வாயைத் திறப்பதற்குள் சுந்தராம்பாள் சொன்னார்: "அடியே, பம்பு காலையில ஒல்லியாக் கொட்டுது, சாயங்காலம் குண்டாக் கொட்டுது. ஒல்லியையும் குண்டையும் சேத்துத்தானே கொடம் ரொம்புது? அதான் இது." கல்லூரியில் மூன்று வருஷம் கேட்ட தொகையிடல், பம்படியில் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

இருபது நாள் கழித்து ராஜவேல் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டின் ஓரமாகவே நடந்து, குனிந்து எண்ணினார். கூடத்தைச் சுற்றிப் பெண்கள். கட்சி மாறி மாறி நிற்கிற வார்டு உறுப்பினர் ராசாங்கம் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தொன்பது வரைக்கும் அளந்தது. அதுக்கு மேல புள்ளி வெச்சது ஊகம். மொத்தம் எம்பத்திநாலு டைல்ஸ் வருது சார்," என்றார் நஜ்முன்னிசா. "எண்ணூத்திநாப்பது. சின்னச் சின்னத் துண்டுக்கு ரெண்டைக் கழிச்சுக்குங்க. பழைய நாலாயிரத்து முன்னூத்திப் பன்னெண்டோட கூட்டுனா ஐயாயிரத்து நூத்தி அம்பது."

ராஜவேல் மீசையைத் தடவினார். கெட்டிக்காரர், உண்மையான ஓட்டையை அவர்தான் கண்டுபிடித்தார்.

"மேடம், தொண்ணூத்தொண்ணு மார்ச்சுல எண்ணுனப்ப, குவைத்துலேருந்து வந்தவங்க ஊர்லதான் இருந்தாங்க. பழைய கணக்குல அவங்களும் சேத்தி. அப்புறம் திரும்பப் போயிட்டாங்களே, அவங்களை யாரு கழிச்சது?"

 நஜ்முன்னிசா கோட்டைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகளை எண்ணியவர், அப்பாக்களை மறந்துவிட்டார். அந்தச் சண்டைக்குப் பயந்து சார்ஜாவிலிருந்து வந்து போன தன் சொந்த வீட்டுக்காரரையே மறந்துவிட்டார்! பள்ளிவாசல் தெருப் பெண்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தியாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்: எங்க வூட்டுல ஒருத்தரு, எங்க வூட்டுல ரெண்டு பேரு. சொல்லச் சொல்ல நஜ்முன்னிசா கறுப்பு நகப்பூச்சைத் திறந்து, பத்துப் பேருக்கு ஒன்றாக டைல்ஸ்களில் பெருக்கல் குறி போட்டார். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு.  பதினோராவது குறியோடு பேச்சு நின்றது.

"நூத்திப் பத்துப் பேரு போயிட்டாங்க. மிச்சம் ஐயாயிரத்து நாப்பது," என்றார். குரல் நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை.

ராஜவேல் நிமிர்ந்தார். "கழிச்சீங்க பாருங்க, அதுக்காகவே எழுதுறேன். அஸ்திவாரமும் தூணும் அறுபதாயிரத்துக்குப் போடச் சொல்றேன். மேல தொட்டி எவ்வளவுன்னு சென்சஸ் வந்தப்புறம் பாப்போம். ஆனா எம் மனசுக்கு ஒப்பல மேடம். ஐயாயிரத்தைத் தாண்டாது."

"தாண்டுனா?" என்றார் சுந்தராம்பாள்.

அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் ஆண் என்ன சொல்வான்? "தாண்டுனா மீசையை எடுத்துடறேன்!"

தூண்கள் எழும்பின. ஒன்றரை வருஷம் தலையில்லாமல் நின்றன. "யானைக் காலு மேல கோழி முட்டைதான் ஒக்காரப் போவுது" என்று ராசாங்கம் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சென்சஸ் நெருங்கியதும் அவரே ஒரு யோசனையோடு வந்தார்.

"பிரசிடெண்டம்மா, எதுக்கு வம்பு? மீன்சுருட்டியிலேருந்து என் சொந்தக்காரங்க நாப்பது பேரை எண்ணுற நேரம் கொண்டாந்து வெச்சுடறேன்."

"வேண்டாங்க."

"டேங்கு வேண்டாமா?"

"வேணும். ஆனா எங் கணக்கு சரியா தப்பான்னு எனக்குத் தெரியணும். உங்க நாப்பது பேரு வந்துட்டா, சாவுற வரைக்கும் தெரியாது."

"படிச்சவங்ககிட்ட இதான் தொந்தரவு," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இதற்கு நடுவில் 2001 பிறந்தது, கூடவே அரியலூர் தனி மாவட்டமாகப் பிறந்தது. ராஜவேலைப் புது மாவட்டத்துக்கு மாற்றினார்கள். சென்சஸ் முடிந்து, ஊர்வாரிக் கணக்கு வர அந்த வருஷக் கடைசி ஆனது. செய்தி சொன்னவர் பெரம்பலூரில் புதிதாக வந்திருந்த இன்ஜினியர். பஞ்சாயத்து ஆபீஸ் போனில் சொன்னார்.

கல்லாத்துமேடு: ஐயாயிரத்து இருபத்தொன்பது.

நஜ்முன்னிசா போனை வைக்கவில்லை. "திருப்பிச் சொல்லுங்க சார்" என்றார். அவர் திருப்பிச் சொன்னார். பதினொன்றுதான் வித்தியாசம். ஒரு டைல்ஸும் ஒரு சின்னத் துண்டும். அவர் தெருவில் இறங்கி நடந்தார், பிறகு ஓடினார். நாற்பது வயசை நெருங்கும் ஒரு தலைவர், தலையில் முக்காடு நழுவ, பம்படியை நோக்கி ஓடியதைக் கல்லாத்துமேடு அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"அக்கா! தாண்டிடுச்சு!"

சுந்தராம்பாள் தன் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கி, அத்தனை தண்ணீரையும் நஜ்முன்னிசாவின் தலையில் கொட்டினார். வரிசையில் பிடித்த ஒரு குடம் தண்ணீரை அந்த ஊரில் ஒருவர் மனசாரக் கீழே கொட்டியது அதுதான் முதல் தடவை. பிறகு எல்லாரும் கொட்டினார்கள். அன்றைக்குப் பாதி ஊர் சமைக்கவில்லை. ராசாங்கம் வெடி வாங்கி வந்து, தொடக்கத்திலிருந்தே தான் நம்பியதாகச் சொல்லி வெடித்தார்.

அந்த அக்டோபர் தேர்தலில் நஜ்முன்னிசா ஏற்கெனவே மறுபடி ஜெயித்திருந்தார். இந்த முறை வாய் திறக்கிற தலைவர் என்று தெரிந்தே ஓட்டுப் போட்டார்கள். மறு வருஷம் அறுபதாயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தது. தெற்குத் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் முதலில் காற்று சீறியது, பிறகு துரு வந்தது, அதன் பிறகு தண்ணீர் விரல் பருமனுக்கு விழுந்தது. மருமகள்கள் தாய்வீட்டிலிருந்து சீக்கிரமே திரும்பினார்கள். ஊர்ப் பெண்கள் பேறுகாலத்துக்கு வரத் தொடங்கினார்கள். பிறப்புப் பதிவு கிடுகிடுவென்று ஏறியது. அதைப் பார்த்த மேலதிகாரி ஒருவர், குடும்பக் கட்டுப்பாடு பற்றி விளக்கக் கூட்டம் நடத்த ஆள் அனுப்பினார். நஜ்முன்னிசா அவர்களுக்கு டீ கொடுத்து, டைல்ஸைக் காட்டி அனுப்பினார்.

சைபுல்லா விடுமுறைக்கு வந்து தரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "டைல்ஸ மாத்திடலாமா?" என்று கேட்டார். "அஃப்ரின் எங்க போவா?" என்றார் அவருடைய அம்மா. பேச்சு அத்தோடு முடிந்தது.

மீசை பாக்கி முடியவில்லை.

முதல் தடவை வசூலுக்கு நஜ்முன்னிசாவும் சுந்தராம்பாளும் அரியலூர் போனபோது, அரியலூர் மாவட்டத்தையே கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்திருந்தார்கள். ராஜவேல் பெரம்பலூர் திரும்பிவிட்டார். பெரம்பலூர் போனால், பயிற்சிக்குச் சென்னை போயிருந்தார். அரசாங்கம் வகுத்தது, தொகுத்தது. மீசை இரண்டிலும் தப்பியது. 2007 நவம்பரில் மறுபடி வகுத்தார்கள். அரியலூர் மறுபடி மாவட்டமானது, ராஜவேல் மறுபடி அரியலூர்.

டிசம்பரில் இருவரும் பஸ் ஏறிப் போய் அவரை மேஜையோடு பிடித்தார்கள். மீசை அதே நிமிர்வில் நின்றது. நரை மட்டும் விழுந்திருந்தது.

"வாங்க மேடம், வாங்கம்மா. ஒக்காருங்க," என்றார் ராஜவேல். எழுந்து நின்று உபசரித்தார். "தொட்டி எப்புடி இருக்கு?"

"ரொம்பி இருக்கு. நாங்க வந்தது வேற விசயமா," என்றார் சுந்தராம்பாள், மேலுதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டி.

ராஜவேல் சிரித்தார், நெளிந்தார். "தையில பொண்ணுக்குக் கல்யாணம். மீசையில்லாத மாமனாரைச் சம்பந்தி வூட்டுல அடையாளம் தெரியாதும்மா. அதோட, நான் பந்தயம் வெச்சது கறுப்பு மீசை. இது வேற மீசை."

"சரிங்க சார்," என்றார் நஜ்முன்னிசா. மேஜை மேலிருந்த பென்சிலை எடுத்தார். "உங்க மீசை மாசத்துக்கு எவ்வளவு வளரும்?"

"என்னா ஒரு அரை இஞ்சு இருக்கும். ஏன்?"

"வெட்டி வெட்டி விட்டீங்க, ஆனா வளந்துச்சுல்ல? சென்சஸ் கணக்கு வந்து ஆறு வருசம். வீதம் நீங்களே சொல்லிட்டீங்க. மொத்தம் மூணு அடி."

சுந்தராம்பாள் கையால் தரையிலிருந்து தன் இடுப்பு வரைக்கும் அளந்து பார்த்து, பாக்கிக்காரரை இரக்கத்தோடு பார்த்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. இருவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மாமனார் மீசையோடுதான் நின்றார். பாக்கி மூன்று அடியும் சொச்சமும், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.